முதலில் காசா? முதலில் பொருளா?

குட்டி நண்பர்களே, உங்களுக்கு ஒரு புதிர்!

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் பாதையில் அன்னவாசல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே சித்தன்னவாசல். அங்கே குகைக் கூரையில் தீட்டிய தாமரைக்குள ஓவியத்தை உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.

இந்த அன்னவாசலில் செல்வி என்று ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனை ஓலையில் கொட்டான் பின்னுவதில் அவர் கெட்டிக்காரர். சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றி, கட்டம் கட்டமாகப் பின்னுவார். பின்னி முடித்ததைச் செல்போனில் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் பேசுகிறார்.

"கொட்டான் என்ன விலைம்மா?"

"500 ரூபாய் சார். பணம் போட்டீங்கன்னா நாளைக்கே பார்சல் போட்டுடுவேன்."

"முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு எப்படிம்மா முதல்ல பணம் அனுப்பறது? நீங்க பொருளை அனுப்புங்க. பார்த்துட்டுப் பணம் போடறேன்."

"பொருளை வாங்கிக்கிட்டு நீங்க பணம் தராமப் போயிட்டா, நான் என்ன சார் செய்யறது?"

யார் சொல்வது சரி? யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்! அவருக்கு 500 ரூபாய் போய்விடுமோ என்று பயம். அக்காவுக்கு இரண்டு நாள் உழைப்பும், ஓலைக்கும் சாயத்துக்கும் போட்ட காசும் போய்விடுமோ என்று பயம்.

சந்தையில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கையில் காசைக் கொடுக்கிறோம், மறு கையில் கத்தரிக்காயை வாங்குகிறோம். வாங்குபவரும் விற்பவரும் தூரத் தூரத்தில் இருந்தால்தான் சிக்கல். காசு முதலில் போக வேண்டுமா, பொருள் முதலில் போக வேண்டுமா?

இந்தப் புதிர் இணையம் வந்த பிறகு முளைத்தது அல்ல. மிகப் பழையது. மனிதர்கள் இதற்கு விதவிதமாக விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

வெட்டு விழுந்த தங்கக் காசுகள்

முதலில் ஒரு சின்னக் கேள்வி. காசு கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? அது நல்ல காசுதானா என்று தெரிய வேண்டாமா?

புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898-ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே 500-க்கும் மேற்பட்ட தங்கக் காசுகள். அவை ரோமாபுரிப் பேரரசின் காசுகள்! மிளகும் துணியும் முத்தும் வாங்குவதற்காகக் கடல் கடந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த தங்கம் அது. அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஏன் வெட்டினார்கள்? உள்ளேயும் தங்கம்தானா, மேலே மட்டும் பூசியிருக்கிறார்களா என்று சோதிக்கத்தான் என்பது ஒரு விளக்கம். 'இனி இது செல்லும் காசு அல்ல, வெறும் தங்கம்தான்' என்று குறிக்க வெட்டினார்கள் என்பது இன்னொரு விளக்கம்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் சொந்தமாகவே காசு வெளியிட்டார்கள். அதன் பெயர் அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அம்மன் உருவம். மறு பக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. 20 அம்மன் காசு சேர்ந்தால் 1 அணா. 16 அணா சேர்ந்தால் 1 ரூபாய். அப்படியென்றால் 1 ரூபாய்க்கு எத்தனை அம்மன் காசு? மனக்கணக்காகப் போடுங்கள் பார்க்கலாம்! 320.

நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் அரண்மனையில் கொடுத்தார்கள். 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய காசுகளைப் பார்க்கலாம்.

காசில் அரசரின் முத்திரையோ அம்மனின் உருவமோ எதற்கு? 'இதை நம்பி வாங்கிக்கொள், நான் பொறுப்பு' என்று அரசு சொல்வதற்கு அதுதான் அடையாளம். ஆக, பணம் என்பதே ஒரு நம்பிக்கைதான்.

காகிதமே காசு!

உண்டியல் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கோயிலில் காணிக்கை போடும் உண்டியல். அல்லது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் மண் உண்டியல். ஆனால் வணிகர்களிடம் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு.

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே செட்டிநாடு இருக்கிறது அல்லவா? அங்குள்ள நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று பல நாடுகளில் கடை வைத்து வணிகம் செய்தார்கள். ரங்கூனில் ஒருவர் சம்பாதித்த பணத்தைக் காரைக்குடிக்கு அனுப்ப வேண்டும். கப்பலில் மூட்டை கட்டி அனுப்பினால் திருடன் பயம், புயல் பயம். என்ன செய்வது?

ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டினால் ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். 'இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவருக்கு இத்தனை ரூபாய் கொடுக்கவும்' என்று அதில் இருக்கும். அதுதான் உண்டியல். அதைக் காரைக்குடியில் உள்ள கடையில் காட்டினால் பணம் கிடைத்துவிடும். கடல் தாண்டிப் போனது ஒரு காகிதம் மட்டும்தான்.

சில உண்டியல்களைக் காட்டிய உடனே பணம் தர வேண்டும். சிலவற்றுக்கு இத்தனை நாள் கழித்துத் தந்தால் போதும். நாள் தவணை உள்ள உண்டியல் வைத்திருந்தால், சரக்கை முதலில் வாங்கி விற்றுவிட்டுப் பிறகு பணம் கட்டலாம். நம் புதிருக்கு அந்தக் காலத்து விடை இது. இரண்டு பேரும் நம்பும் மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நிற்கிறார்!

இந்த 'மூன்றாவது ஆள்' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். கட்டுரை முழுவதும் அவர் வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருப்பார்.

தபால்காரர் செய்த உதவி

அடுத்த வேடம், காக்கிச் சட்டை போட்ட தபால்காரர்.

இந்தியாவில் 1880-ஆம் ஆண்டு தபால் துறை மணியார்டரைத் தொடங்கியது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மகன் பணம் அனுப்ப வேண்டுமா? மணியார்டர் பாரத்தை நிரப்பி, பணத்தையும் கட்டணத்தையும் தபால் நிலையத்தில் கட்டினால் போதும். தபால்காரர் வீட்டுக்கே வந்து நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். பாரத்தின் ஓரத்தில் நாலு வரி எழுதவும் இடம் இருக்கும். பிற்காலத்தில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கட்டணம். 500 ரூபாய் அனுப்ப 25 ரூபாய். காகிதப் பாரத்தில் போய்ச்சேர்ந்த இந்தப் பழைய மணியார்டர் 2015-ஆம் ஆண்டு விடைபெற்றது.

வணிகர்களுக்கு இன்னும் பெரிய உதவியாக இருந்தது வி.பி.பி. மணியார்டருக்கும் முன்பே, 1877-லேயே இது வந்துவிட்டது. பழைய வாரப் பத்திரிகைகள் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இருந்தால் விளம்பரங்களைப் பாருங்கள். 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்' என்ற வரி கண்ணில் படும்.

அது எப்படி நடக்கும்? விற்பவர் பார்சலின்மேல் விலையை எழுதித் தபால் நிலையத்தில் கொடுப்பார். தபால்காரர் பார்சலோடு வாங்குபவர் வீட்டுக்குப் போவார். பணம் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். வாங்கிய பணத்தைத் தபால் துறை விற்பவருக்கு அனுப்பிவைக்கும். காசு முதலிலும் இல்லை, பொருள் முதலிலும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில்! அன்னவாசலில் உட்கார்ந்துகொண்டே சென்னைக்காரரோடு 'ஒரு கையில் காசு, மறு கையில் கத்தரிக்காய்' வியாபாரம் செய்வது போலத்தானே இது?

ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. தபால்காரர் வந்து நிற்கும்போது, 'எனக்கு வேண்டாம்' என்று வாங்குபவர் சொல்லிவிட்டால்? பார்சல் திரும்பிவிடும். போட்ட தபால் செலவு விற்பவர் தலையில். இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

இணையத்தில் கடை விரித்தால்...

இப்போது இணையக் காலத்துக்கு வருவோம். 1998-ல் அமெரிக்காவில் பேபால் நிறுவனத்துக்கு வித்திட்டார்கள். ஈமெயில் முகவரி இருந்தால் போதும், பணம் அனுப்பலாம் என்று அது காட்டியது. நம் நாட்டில் 2002-ல் ரயில் டிக்கெட்டை இணையத்தில் வாங்கும் வசதி வந்தது. பலர் முதன்முதலாக இணையத்தில் பணம் கட்டியது ரயில் டிக்கெட்டுக்குத்தான்.

2007-ல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் என்ற புத்தகக் கடை இணையத்தில் பிறந்தது. ஆனால் அப்போது கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு. வைத்திருந்தவர்களுக்கும் கார்டு எண்ணை இணையத்தில் கொடுக்கப் பயம். அதனால் 2010-ல் அந்த நிறுவனம் 'கேஷ் ஆன் டெலிவரி' முறையைக் கொண்டுவந்தது. பொருள் வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், நம்ம பழைய வி.பி.பி.தான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது!

பெரிய கடை என்றால் பத்துப் பார்சல் திரும்பி வந்தாலும் தாங்கும். செல்வி அக்கா தாங்குவாரா? கூரியருக்குப் போக 60 ரூபாய், திரும்பி வர 60 ரூபாய் என்றால், ஒரு பார்சல் திரும்பினாலே 120 ரூபாய் நட்டம்.

சரி, கார்டில் வாங்கலாமா? அதற்கு நடுவில் 'பேமென்ட் கேட்வே' என்ற நிறுவனம் வேண்டும். வாங்குபவரின் வங்கியிலிருந்து பணத்தை வாங்கி, விற்பவரின் வங்கிக்குச் சேர்க்கும் வாசல் அது. மூன்றாவது ஆள் மறுபடியும் வந்துவிட்டார் பார்த்தீர்களா? அவர் சும்மா செய்வாரா? கட்டணம் எடுத்துக்கொள்வார். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு 10 ரூபாய். ஆக, அக்காவுக்கு வருவது 490 ரூபாய். ஒரு கொட்டானில் அக்காவுக்கு லாபமே 80 ரூபாய்தான் என்றால், 10 ரூபாய் சின்னத் தொகையா?

கட்டம் போட்ட கில்லாடி

2008-ல் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ரிசர்வ் வங்கியும் நாட்டின் வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. இந்தக் கழகம் 2016 ஏப்ரலில் யு.பி.ஐ.யை அறிமுகப்படுத்தியது.

திருச்சி ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, கரூர் என்று எல்லாப் பக்கத்து ரயிலும் அங்கே வந்து வேறு பாதைக்குப் போகிறது அல்லவா? யு.பி.ஐ.யும் அப்படி ஒரு ஜங்ஷன்தான். சென்னைக்காரர் ஒரு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார். செல்வி அக்கா வேறொரு வங்கியில் வைத்திருக்கிறார். சென்னைக்காரர் தன் போனில் ரகசிய 'பின்' எண்ணைத் தட்டுகிறார். உடனே ஜங்ஷன் அவருடைய வங்கியிடம், "இவர் கணக்கில் 500 ரூபாய் கழித்துக்கொள்" என்கிறது. அக்காவின் வங்கியிடம், "இவர் கணக்கில் 500 ரூபாய் சேர்த்துக்கொள்" என்கிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையா, நள்ளிரவா என்ற கவலையே இல்லை.

இன்னொரு நல்ல செய்தி. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு யு.பி.ஐ.யில் பணம் வரும்போது, விற்பவரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் விதி வந்தது. 500 ரூபாய் போட்டால் முழுசாக 500 ரூபாய் வந்து சேரும். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. வழியாக 2000 கோடி முறைக்கும் மேல் பணம் கைமாறியது!

இளநீர் வண்டியிலும் பூக்கடையிலும் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறதே, அதன் பெயர் க்யூ.ஆர். கோடு. 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய குழுவும் இதை உருவாக்கினார்கள். எதற்குத் தெரியுமா? கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க! கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்ற பலகை விளையாட்டைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. மூன்று மூலைகளில் பெரிய சதுரம் இருக்கிறது பாருங்கள். அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று கேமரா கண்டுபிடிக்கிறது. கொஞ்சம் கிழிந்தாலும் கறை பட்டாலும்கூட அதைப் படிக்க முடியும். இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்த அந்த நிறுவனம் விட்டுவிட்டது. அதனால்தான் அது உலகம் முழுவதும் பரவியது.

'எங்க பாட்டி பட்டன் போன்தானே வைத்திருக்கிறார்' என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. 2022 மார்ச்சில் 'யு.பி.ஐ. 123 பே' வந்தது. இணையம் இல்லாத சாதாரண போனிலிருந்தே அழைப்பு மூலம் பணம் அனுப்பலாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

சீனாவிலும் இதே புதிர் வந்தது. 2004-ல் அலிபே என்ற சேவை ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. வாங்குபவர் பணத்தை அலிபேயிடம் கொடுத்துவிடுவார். அலிபே அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, "பணம் வந்துவிட்டது, பொருளை அனுப்பலாம்" என்று விற்பவரிடம் சொல்லும். பொருள் வந்து, 'சரியாக இருக்கிறது' என்று வாங்குபவர் சொன்ன பிறகுதான் விற்பவருக்குப் பணம் போகும். பஞ்சாயத்தில் ஊர்ப் பெரியவர் கையில் பணத்தைக் கொடுத்து வைப்பதைப் போல!

கென்யாவில் பலருக்கு வங்கிக் கணக்கே இல்லை. ஆனால் கையில் செல்போன் இருந்தது. 2007-ல் அங்கே 'எம்-பெசா' வந்தது. பெட்டிக்கடை போன்ற சின்னக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால், அது போனில் இருப்பாக ஏறிவிடும். எஸ்.எம்.எஸ். மூலம் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். 'பெசா' என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நம்ம பைசாவின் சொந்தக்காரச் சொல்!

ஜப்பானில் இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டு, தெருமுனைக் கடையில் போய் ரொக்கமாகக் கட்டிவிடலாம். கார்டும் வேண்டாம், வங்கியும் வேண்டாம்.

ஒரே கதவை நம்பலாமா?

கட்டணமே இல்லாத யு.பி.ஐ. இருக்கும்போது மற்றது எதற்கு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இந்த மூன்று செய்திகளைப் படியுங்கள்.

2020 மார்ச் மாதத்தில் யெஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி திடீரென்று கட்டுப்பாடு விதித்தது. அந்த வங்கி வழியாக இயங்கிவந்த போன்பே செயலி ஏறக்குறைய ஒரு நாள் நின்றுபோனது.

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையைப் பேபால் நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இந்திய வணிகர்களுக்குப் பணம் அனுப்பும் சேவையை மட்டும் தொடர்ந்தது.

2024 ஜனவரியில் பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மார்ச் 15-க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்குகளில் புதிதாகப் பணம் போட முடியவில்லை. அந்தக் கணக்கையே நம்பியிருந்த கடைக்காரர்கள் வேறு வங்கிக்கு மாற வேண்டி வந்தது.

பெரிய நிறுவனத்துக்கு இதெல்லாம் ஒரு தலைவலி. சின்ன வியாபாரிக்கு அன்றைய அடுப்பு எரியுமா எரியாதா என்ற பிரச்சினை. அதனால்தான் 'மாற்று வழி' ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்வாசல் இருப்பதைப் போல.

செல்வி அக்காவின் நோட்டு

அக்கா ஒரு நோட்டில் தன் வழிகளை இப்படி எழுதி வைத்தால் எப்படி இருக்கும்?

யு.பி.ஐ.: கட்டணம் இல்லை. உடனே வரும். முதலில் பணம் கட்ட வாங்குபவருக்குத் தயக்கம் இருக்கலாம்.

வங்கி மாற்றம்: கணக்கு எண்ணைக் கொடுத்து வாங்குவது. கடைக்காரர் ஒருவர் 50 கொட்டான் கேட்டால், பெரிய தொகைக்கு ஏற்றது. 'நெஃப்ட்' முறை 2019 டிசம்பர் முதல் இரவு பகல் எல்லா நாளும் உண்டு.

பேமென்ட் கேட்வே: கார்டு வைத்திருப்பவர்களும் வாங்கலாம். கட்டணம் போகும்.

கேஷ் ஆன் டெலிவரி: புதியவர்கள் தைரியமாக வாங்குவார்கள். பார்சல் திரும்பினால் நட்டம்.

பெரிய இணையச் சந்தையில் விற்பது: வாங்குபவர் சந்தையை நம்புகிறார். பிரச்சினை வந்தால் சந்தை பார்த்துக்கொள்ளும். ஆனால் கமிஷன் உண்டு. பணம் சில நாள் கழித்துத்தான் கைக்கு வரும்.

கொஞ்சம் முன்பணம்: 100 ரூபாயை மட்டும் யு.பி.ஐ.யில் முன்கூட்டி வாங்குவது. மீதி 400 ரூபாயைப் பொருள் வந்ததும் கொடுப்பது. வாங்குபவருக்கும் பயம் குறையும். வேண்டாம் என்று திருப்பினால் அக்காவுக்கும் கூரியர் செலவில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

கடைசி வழியைக் கவனித்தீர்களா? பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்!

உஷார்! உஷார்!

பணம் வேகமாகப் போகும் பாதையில் திருடனும் வேகமாக வருவான். வீட்டில் பெரியவர்களுக்குப் போனைக் கற்றுக்கொடுப்பதே நீங்கள்தானே? அதனால் இவற்றை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

1. 'பின்' எண் பணம் கொடுக்க மட்டும்தான். பணம் வாங்கப் 'பின்' தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால், அவர் திருடர்.

2. "பணம் போட்டாச்சு, பாருங்க" என்று காட்டும் படத்தை நம்பக் கூடாது. போலிப் படம் செய்வது சுலபம். வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறதா, கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சலைக் கட்ட வேண்டும்.

3. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடையின் க்யூ.ஆர். கோடுமேல் தங்கள் கோடை ஒட்டிவிட்டுப் போகும் எத்தர்கள் உண்டு.

4. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும் சரி, போலீஸ் என்றாலும் சரி.

5. பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். பயந்து மறைக்காதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

6. வாங்கிய பொருள் மோசமாக இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

உங்களுக்குத் தெரியுமா?

10 வயது நிறைந்த சிறுவர் சிறுமியர் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஆனால் அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல் அவர்கள் போனில் பணம் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது!

நீங்களே கணக்குப் போடுங்கள்!

ஒரு கொட்டானுக்கு அக்காவின் லாபம் 80 ரூபாய். போகும் கூரியர் செலவு 60 ரூபாய் விலையிலேயே அடக்கம். பார்சல் திரும்பினால் போக 60, வர 60, மொத்தம் 120 ரூபாய் நட்டம்.

அ) எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. 10 பேர் கேட்டார்கள். 2 பார்சல் திரும்பிவிட்டது.

ஆ) எல்லாம் முன்கூட்டியே யு.பி.ஐ. தயக்கத்தால் 7 பேர்தான் வாங்கினார்கள். எதுவும் திரும்பவில்லை.

இ) 100 ரூபாய் முன்பணம். 9 பேர் கேட்டார்கள். 1 பார்சல் திரும்பியது. முன்பணம் அக்காவிடமே இருக்கும்.

எதில் லாபம் அதிகம்? விடையைப் பார்க்காமல் போடுங்கள்.

விடை: அ) 8 பேரிடம் 640 ரூபாய் லாபம். 240 ரூபாய் நட்டம். மீதி 400 ரூபாய். ஆ) 7 x 80 = 560 ரூபாய். இ) 8 பேரிடம் 640 ரூபாய். திரும்பிய பார்சலில் 120 ரூபாய் நட்டம், அதில் 100 ரூபாய் முன்பணமாக வந்துவிட்டது. ஆக 20 ரூபாய்தான் நட்டம். மீதி 620 ரூபாய்.

பார்த்தீர்களா? அதிகம் பேர் கேட்டது கேஷ் ஆன் டெலிவரியில். ஆனால் லாபம் அதில்தான் குறைவு!

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பூ விற்கும் பாட்டி, தையல்கார அக்கா, டீக்கடை அண்ணன் என மூன்று பேரிடம், "நீங்க எப்படியெல்லாம் பணம் வாங்குறீங்க? எதுல சிரமம்?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள். அவர்களில் யாருக்காவது 'பணம் வாங்கப் பின் தேவையில்லை' என்பது தெரியாமல் இருந்தால், அதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாடுபட்டுச் சம்பாதித்த ஒருவருடைய பணம் அதனால் தப்பித்தால், அது உங்களுக்குப் பெருமைதானே?